காயாத வெள்ளை

கூதிர் வந்து இறங்கியிருந்தது. பெய்து முடித்த வானம் இன்னும் மனம் ஆறாமல், சாம்பல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தது. வடக்கிலிருந்து புறப்பட்ட வாடை, கூரையின் இடுக்கு, கதவின் கீழ்ச்சந்து, கழுத்துத் துணியின் மடிப்பு என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்த்து உள்ளே நுழைந்தது. பகல் விடியும்போதே களைத்திருந்தது. நண்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கொடியில் உலர்த்திய துணி நான்கு நாள் கழித்து எடுக்கும்போதும் கைக்குக் குளிர்ந்தது. உப்பு நீர்விட்டது. தீக்குச்சி உரசினால் சீறிவிட்டு அணைந்தது. மழை நின்று நெடுநேரம் ஆகியும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன, சொல்லி முடித்த துயரத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்களைப் போல. மண்ணும் சுவரும் மனிதரும் உலர்வதற்காகக் காத்திருந்தார்கள். எதுவும் உலர்வதாக இல்லை.

வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைக்கு இதைவிடப் பொல்லாத பருவம் கிடையாது. பூசிய கதவுகளைச் சுற்றிச் சூட்டுவிளக்குகளை நிறுத்தி, பிரசவ அறையின் வாசலில் நிற்பவர்களைப் போல ஆட்கள் காத்து நிற்பார்கள். அந்தப் பட்டறையில் வண்ணம் கலப்பவள் அவள். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே அவளுக்குப் பெயர் வெள்ளையக்கா. மாநிறத்துக்கும் இரண்டு படி கீழே நின்ற ஒருத்தியை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் சிரிப்பை மென்று விழுங்குவார்கள். பட்டறைக்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும். மற்ற எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒப்பேற்றிவிடலாம். வெள்ளையில்தான் வண்ணக்காரரின் மானம் போகும். பாலின் வெள்ளை, எலும்பின் வெள்ளை, நீலம் ஓடியது, சாம்பல் ஓடியது, வெயிலில் பத்து வருடம் நின்று பழுத்தது என்று அவள் கண்ணில் நாற்பது வெள்ளைகள் தனித்தனியே குடியிருந்தன. ஒரு முறை பார்த்த வெள்ளையை ஒரு மாதம் கழித்தும் கலந்து தருவாள். அந்தக் கண்ணுக்கு விலையாக மூக்கைக் கொடுத்திருந்தாள். வண்ணம் கரைக்கும் தின்னரின் நெடி அவளைப் பொறுத்தவரை எப்போதோ செத்துப்போயிருந்தது.

அந்தக் கூதிரில், பள்ளிக்கு வேலைநாளான ஒரு சனிக்கிழமைக் காலையில்தான் அவளுடைய கணவர் விழுந்தார்.

அவர் பள்ளிக்கூடப் பேருந்தின் ஓட்டுநர். வண்டி நிற்கும் கொட்டகைக்கு விடியலில் சைக்கிளில் போவார். அருங்காட்சியகத்துக்கு உரியதென்று ஊர் கேலி பேசிய அந்தச் சைக்கிளுக்கு, மிஞ்சிய வண்ணங்களைக் கலந்து ஒரு பச்சையை அவளே உண்டாக்கிப் பூசியிருந்தாள். நீண்ட மதில் ஒன்று திரும்பும் முனையில் அவர் கிடந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது, விலா இரண்டில் விரிசல். மருத்துவமனைச் சீட்டில் எவரோ அவசரமாக எழுதியிருந்தார்: 'சைக்கிளிலிருந்து தானே விழுந்தார். உடையில் மது போன்ற வாடை.'

அந்தச் சீட்டை அவள் மூன்று முறை படித்தாள். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"குடிச்சீங்கதானே?"

அவர் மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "பின்னாலயிருந்து ஒரு கார் உரசிட்டுப் போச்சு. நிறம் பாக்கலை. தலை சுவத்துல இடிச்சதும் ஒண்ணும் தெரியலை."

"வாடை அடிச்சுதாமே."

"அந்தக் கம்பளிச் சட்டை உன் வேலைச் சட்டையோட ஒரே கொடியில ஒரு வாரமா ஈரத்தோட தொங்குச்சு. அது உன் தின்னரு. மோந்து பாரு."

அவள் மோந்து பார்க்கவில்லை. மோந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் மோந்து பார்க்காததற்குக் காரணம் அதுவல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன்வரை இதே குரலில், இதே நிதானத்தில் அவர் சொன்ன காரணங்கள் அவளிடம் ஒரு மூட்டை இருந்தன. நாய் குறுக்கே வந்தது. மணல் சறுக்கியது. எதிரே வந்தவன் விளக்கைக் கண்ணில் அடித்தான். ஒரு லாரி வேலை அப்படித்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் அவராகவே நிறுத்தினார். ஆறு வருடம் ஒரு சொட்டு இல்லை. பிள்ளையில்லாத வீட்டுக்கு அந்தப் பேருந்தின் நாற்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அவரை 'வண்டி மாமா' என்றார்கள். ஆறு வருடத்தையும் அவள் நம்பினாள். ஆனால் நம்பிக்கைக்கு அடியில் பழைய துரு இருந்திருக்கிறது. ஒரு சீட்டு விழுந்ததும் கொப்புளித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது.

"சரி, தூங்குங்க" என்றாள்.

அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சைக்கிளை அவள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் வீடு திரும்பும்போது இந்தக் காயங்கள் இருக்கக் கூடாது. தெருவில் எவரும் அவற்றைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது. மன்னிப்பு என்று அவள் இதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். பட்டறை முதலாளியிடம் சொல்லி, மூன்று மதியங்களின் சாப்பாட்டு வேளையை அதற்கு ஒதுக்கினாள்.

வளைந்த கைப்பிடியையும் மட்கார்டையும் டிங்கர் நிமிர்த்திக் கொடுத்தான். நசுங்கிய தகரம் எதுவானாலும் தட்டி நேராக்கும் ஆள் அவன். வாயைத்தான் யாராலும் நேராக்க முடியவில்லை.

"என்ன வெள்ளையக்கா, அண்ணன் வண்டிக்குப் பவுடர் போடறீங்க. அண்ணனுக்கு யாரு போடறது?"

"அவருக்கு ஆஸ்பத்திரியில மாக்கட்டே போட்டாச்சு. நீ அந்தக் கதவை நிமித்து."

அவன் சுத்தியலோடு குனிந்து பார்த்தான். பின்சக்கரத்தைத் தாங்கும் குழாயில், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை உரிந்திருந்தது. உரிந்த இடத்தின் ஓரமாக, சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்.

"இதென்னக்கா, வெள்ளையா இழுத்திருக்கு?"

"சுவத்துச் சுண்ணாம்பு. அங்கதானே போய் முட்டியிருக்கார்."

"சுண்ணாம்புன்னா ஈரத்துணிக்கே வந்துடுமே?"

ஈரத்துணியால் அவள் இரண்டு முறை துடைத்துவிட்டிருந்தாள். வரவில்லை.

"தகரம் தட்டறவன் எனக்கு வெள்ளையைப் பத்திச் சொல்றியா?"

"ஐயையோ, சொல்லலை தாயே. நான் ஊமை." சுத்தியலை வாயின் குறுக்கே வைத்துக்காட்டிவிட்டு அவன் போனான்.

அவள் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். வெள்ளை கரைந்து பால்போல் விரலிடுக்கில் வழிந்தது. அந்த ஒரு கணம் அவளுடைய கண் தன் தொழிலைச் செய்தது: சாம்பல் அதிகம், நீலம் அரைத்துளி, அடியில் எங்கோ மிக மெல்லிய மஞ்சள். கண் சொன்னதைக் கேட்க உள்ளே ஆள் இல்லை. அவள் நாற்பத்தொன்றாவது வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; குடித்த காலத்தில் தண்டவாளத்தோரம் விழுந்து கிடந்த கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள். நீரூற்றிக் கழுவினாள். பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, பழைய பச்சையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டி மீட்டெடுத்துப் பூசினாள். மேலே பளபளப்புப் பூச்சு. அதற்கு நாள் முழுவதும் சூட்டுவிளக்கு. மூன்றாம் நாள் மாலையில், எங்கே கீறல் இருந்தது என்று அவளுக்கே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. பட்டறை முதலாளி கூட வந்து பார்த்து, "கையா இது!" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. நல்ல அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தது அவருடைய அக்கா. தெருமுனையிலிருந்தே அந்த அம்மாளின் குரல் முன்னால் நடந்து வந்தது.

"வழி விடும்மா, வழி விடு. ஊர்வலம் வருது பாரு. ஒரு கையில ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டே வரார் உங்க வீட்டு மகாராசா."

"வாங்க அண்ணி. மெதுவாங்க, அங்க படி வழுக்கும்."

"எங்களுக்கு வழுக்காது. விழுறதுக்குன்னே பொறந்தவன் இவன் ஒருத்தன்தான். இந்த வயசுல எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சு எழுதியிருக்கு."

இடக்கை கழுத்திலிருந்து தூளியாய்த் தொங்க, அவர் நடைக்குள் நுழைந்தார். சுவரில் சாய்த்திருந்த சைக்கிள் முதலில் கண்ணில் பட்டது. அவள் அதற்காகவே அங்கே வைத்திருந்தாள். ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தாள். மகிழ்ச்சிக்கு இடம் விட்டுக் காத்திருந்த அவள் பார்வையின் முன்னே அந்த முகம் வெளுத்துப்போனது.

"யாரு தொட்டது இதை?"

"நான்தாங்க. பட்டறையில வெச்சு..."

அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். வலக்கையின் விரலைப் பின்குழாயின்மேல் ஓட்டினார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கண்ணாடியின்மேல் ஓடுவது போல விரல் எங்கும் தடுக்காமல் ஓடியது.

"ஏன்டா, பொண்டாட்டி இழைச்சு வெச்சிருக்கா. ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரர் சைக்கிளுக்கு நான் காத்துகூட அடிச்சது கிடையாது."

"அக்கா, நீ கொஞ்சம் உள்ள போ."

"போறேன். என் வாய்தானே உங்களுக்கெல்லாம் பாரம்."

அந்த அம்மாள் உள்ளே போனதும் அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "பள்ளிக்கூட வண்டி மேற்பார்வையாளர் நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை விசாரணை. சீட்டுல குடிச்சு விழுந்த மாதிரி இருக்கு, பிள்ளைங்க வண்டியை எப்படிக் குடுக்கறதுன்னு செயலாளர் கேக்கறாராம். 'நீ சொல்ற மாதிரி கார் உரசியிருந்தா சைக்கிள்ல அதோட பெயிண்ட் ஒட்டியிருக்கும். அப்படியே கொண்டு வா, என் கண்ணால பாத்துட்டா நானே எழுதிக் குடுத்துடறேன்'னார்." பின்குழாயைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஏதாவது இருந்துச்சா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. "வெள்ளையா ஒரு தீற்றல். சுண்ணாம்புன்னு..."

"சுண்ணாம்புன்னு நெனச்சே."

"ஆமாங்க."

"நீ."

வெள்ளையக்காவுக்கு அந்த ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது. அந்தக் காரின் நிறத்தை உலகத்தில் பார்த்த சாட்சி அவள் ஒருத்தி. பார்த்த கையோடு அழித்தவளும் அவளே.

மறுநாள் காலையில் அவள் பட்டறையின் மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். தேய்த்த உப்புத்தாள் கிடைத்தால்கூட அதன் மணல்களுக்கிடையே கொஞ்சம் வெள்ளை தங்கியிருக்கும். ஆனால் அவள் வேலையில் சுத்தக்காரி. தேய்த்த தாளைக் கழுவுவாள், கழுவியதைக் குப்பையில் போடுவாள், அன்றாடம் குப்பையை வெளியேற்றுவாள்.

"என்னக்கா தொலைச்சீங்க?" என்றான் டிங்கர்.

அவள் சொன்னாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். அவன் வாயிலிருந்து கேலி வராத முதல் தடவை அது.

"நான் வேணும்னா வந்து சொல்றேன்க்கா. நானும் பாத்தேனே."

"என்னன்னு சொல்லுவே? 'சுண்ணாம்புன்னு அக்கா சொன்னாங்க'ன்னா?"

அவன் தலைகுனிந்துகொண்டான். அரைநாள் விடுப்புக் கேட்டு வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில்தான் அந்த எண்ணம் வந்தது. வந்ததென்றுகூடச் சொல்ல முடியாது, கண்ணுக்குள்ளேயே இருந்தது. சாம்பல் அதிகம், நீலம் அரைத்துளி, மெல்லிய மஞ்சள். கண்ணை மூடினால் அந்த வெள்ளை அவள் முன்னால் ஈரமாய் நின்றது. உள்ளதை உள்ள இடத்தில் திரும்ப வைப்பது பொய்யாகுமா? திருடிய பொருளைத் திருடியவளே கொண்டுபோய் வைப்பதைப் போலத்தானே? இப்படித் தனக்குத் தானே வழக்காடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

பட்டறையின் வண்ணத்தை எடுக்க வழியில்லை. அங்கே ஒவ்வொரு துளியையும் எடைக்கருவி எழுதி வைத்துக்கொள்ளும். எந்த வண்டிக்கு என்று கேட்கும். வீட்டில் சன்னலுக்கும் கதவுக்கும் வாங்கிய எனாமல் டப்பாக்கள் இருந்தன. எண்ணெயில் கரைத்த அந்த வண்ணம் நல்ல வெயிலிலேயே ஒரு பகல் கேட்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் விசாரணை மறுநாள் பதினொரு மணிக்கு.

பின்கட்டில் உட்கார்ந்து, தான் இழைத்த பச்சையின்மேல் சாவியின் முனையை வைத்து இழுத்தாள். பல் கூசியது. உரிந்த இடத்தின் ஓரத்தைச் சிதைத்து, பழைய காயம் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினாள். ஒரு தட்டில் வெள்ளையை எடுத்து, கரியும் நீலமும் மஞ்சளும் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கூட்டினாள். ஐந்தாம் தொடலில் அது வந்து நின்றது. அதே வெள்ளை. பழைய துணியின் மடிப்பில் எடுத்து, ஒரு கார் போகும் வேகத்தில் ஒரே இழுப்பு இழுத்தாள். சைக்கிளை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். மாலைக்குள் மேலே லேசாக ஆடை கட்டியிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. இவ்வளவாவது உலரவிட்ட அந்தப் பருவத்தின்மேல் அவளுக்கு நன்றிகூட வந்தது.

அவர் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். சைக்கிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். குந்திப் பார்க்கவில்லை; நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"இதே இடமா?"

"இதே இடம்."

"இதே வெள்ளையா?"

"இதேதாங்க. துளி வித்தியாசம் இருக்காது."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்ததைப் போன்ற ஆட்டல் அது.

"அப்போ நல்லாவே பாத்திருக்கே" என்றார்.

அவள் கையிலிருந்த துணி நழுவியது.

"சுண்ணாம்புன்னு நெனச்சு அழிச்சேன்னுதான் நேத்து ராத்திரியெல்லாம் மனசைத் தேத்திக்கிட்டேன். சுண்ணாம்பை யாராவது இவ்வளவு ஞாபகம் வெச்சிருப்பாங்களா? கார் பெயிண்டுன்னு உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை நம்பறதைவிட உனக்கு அதை அழிக்கறது சுலபமா இருந்திருக்கு."

"அப்படி இல்லைங்க..."

"'குடிச்சீங்கதானே?' அதானே நீ கேட்டது?" குரல் உயரவில்லை. "இல்லைன்னு சொன்னேன். மோந்து பாருன்னேன். சட்டையைத் தொடக்கூட இல்லை நீ."

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் சட்டையை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு, அவள் பொத்தான் போட வந்ததைத் தடுக்காமல், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல், "சைக்கிளை எடு, போலாம்" என்றார்.

பள்ளி அலுவலக அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். செயலாளர் மேசைக்குப் பின்னே கம்பளிக் கழுத்துத்துணியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர், தாமே இருபது வருடம் வண்டி ஓட்டியவர், வாசலுக்கே வந்து ஓட்டுநரின் தோளைத் தொட்டார்.

"கொண்டு வந்தியா? பாரு, இதுக்குத்தான் சொன்னேன். ஐயா, இங்க வந்து பாருங்க. வெள்ளைத் தீற்றல். இவன் பொய் சொல்ற ஆளில்லைன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

செயலாளர் எழுந்து வந்து கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார். "ம். கார்தான் போல."

"சந்தேகமே இல்லைங்க. இது கார் பெயிண்ட். சுண்ணாம்புன்னா சுரண்டினா பொடியா உதிரும். இது..." மேற்பார்வையாளர் தீற்றலின் நடுவில் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்திக் காட்டினார்.

பால்மேல் ஆடை கிழிவதைப் போல மேல்தோல் சுருண்டது. அடியிலிருந்து வெள்ளை ஈரமாய்ப் பிதுங்கி அவர் நகத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

வெளியே மரம் சொட்டிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் தம் விரலைத் தூக்கி, அது தம்முடையதுதானா என்பதுபோலப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு மூக்கு இருந்தது. அவர் பார்வை மெல்லத் திரும்பி அவள்மேல் நின்றது.

"அம்மா, நீங்க பெயிண்ட் பட்டறையிலதானே இருக்கீங்க?"

"இது விளையாட்டில்லை" என்றார் செயலாளர். குரலில் இப்போது சளி இல்லை. "விசாரணைக்குப் பொய் அடையாளம் தயார் பண்ணியிருக்கீங்க. பூசினது யாருன்னு தெரிஞ்சாகணும். உங்க பட்டறைக்கும் எழுதுவேன், காவல் நிலையத்துக்கும் எழுதுவேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர் பேசிவிட்டார்.

"வேற யாரும் பூசலைங்க. நான்தான். ஒத்தைக் கையால பூசினேன்." தூளியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காரெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நானேதான் விழுந்தேன்."

"குடிச்சிருந்தியா?" என்றார் மேற்பார்வையாளர். கேட்க விருப்பமில்லாமல் கேட்ட கேள்வி.

கணவர் செயலாளரின் மேசையைப் பார்த்துச் சொன்னார். "சீட்டுல இருக்கே. அப்படியே எழுதிக்குங்க."

"பொய்ங்க!" அவள் குரல் அந்தச் சின்ன அறையில் முட்டி மோதியது. "அவர் சொல்றது பொய். நான்தான் பூசினேன். நெசமான பெயிண்ட் இருந்துச்சு, நான்தான் அழிச்சேன். கார் இடிச்சது உண்மைங்க. சத்தியமா உண்மை!"

ஆறு நாள் முன்னால் கட்டிலோரத்தில் சொல்லியிருக்க வேண்டிய சொற்கள். இப்போது அவை எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"அம்மா," என்றார் செயலாளர், கிட்டத்தட்ட அன்போடு, "உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரேம்மா. நீங்க எதுக்குங்க அவருக்காகப் பொய் சொல்றீங்க?"

மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொண்டார். முழுவதும் போகவில்லை. வழியனுப்ப அவர் வாசலுக்கு வரவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தாள். நீண்ட மதிலின் முனை வந்தபோது அவர் ஒரு கணம் நின்றார்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"வீட்டுல ஒரு வேலையாவது மிஞ்சணும்ல?" என்றார். பிறகு நடந்தார். சற்றுத் தள்ளிப் போய், திரும்பாமலே சொன்னார்: "நீ நம்பினதையே சொன்னேன். இப்ப நமக்குள்ள சண்டை இல்லை."

சனியும் ஞாயிறும் அவர்கள் வீட்டில் வேண்டிய அளவுக்கு மட்டும் பேச்சு நடந்தது. உப்பு. வெந்நீர். மாத்திரை. பின்குழாயிலிருந்த வெள்ளையை அவள் தொடவில்லை. நகம் கிழித்த வடு நடுவில் திறந்திருக்க, அது அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் அது முழுக்கக் காய்ந்தது.

திங்கட்கிழமை விடியலில் அவர் பழக்கத்தினால் எழுந்தார். பழக்கத்தினால் குளித்தார், சாமிப் படங்கள் இருந்த மாடத்தின் முன் வந்து நின்றார். பேருந்து எடுக்கும் நாளெல்லாம் அங்கே நின்று, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கைகூப்பிவிட்டுத்தான் படியிறங்குவார். அவள் விளக்கேற்றினாள். இரண்டு குச்சிகள் சீறி அணைந்தன, மூன்றாவது பிடித்தது. சுடர் குளிரில் ஒடுங்கி, பிறகு நிமிர்ந்தது.

அவர் வலக்கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தினார். அது தனியாக அங்கே நின்றது. இணை தேடிச் சற்று நேரம் நின்றது. பிறகு, அவளைப் பார்க்காமலே, பக்கவாட்டில் நீண்டு அவளுடைய இடக்கையைப் பற்றி எடுத்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அவர் விரல்களின்மேல் அவள் விரல்கள், நகக்கண்களில் இன்னும் போகாத வெள்ளையோடு. மன்னிப்பென்று அதை எடுத்துக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை. அவருக்குக் கூப்ப ஒரு கை குறைந்தது. அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவ்வளவாகவும் இருக்கலாம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

தெருவில் பள்ளிப் பேருந்தின் ஓசை கேட்டது. புதிய ஓட்டுநர் கியரை முரட்டுத்தனமாகப் போட்டான். வண்டி உலுக்கிக்கொண்டு திரும்பியது. உள்ளே பிள்ளைகள் எதற்கோ கூச்சலிட்டுச் சிரித்தார்கள். கூப்பிய கை இறுகியது, யாருடைய பாதி இறுக்கியது என்று தெரியாதபடி.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"யாரும் விழாம, பத்திரமா போய்ச் சேருங்க, கண்ணுங்களா" என்றார்.